புதுப்பிப்பு: வெறுந்திரையோடு ஒரு மாதம்

லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினியில் கினோமை (ஐகான், மெனு எல்லாம் உள்ள வழக்கமான திரைச்சூழல்) விட்டு ஐ3-க்கு (விசைப்பலகையாலேயே சன்னல்களை அடுக்கும் எளிய சன்னல் மேலாளர்) மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, மாறிவிட்டேன். ஐகான் கிடையாது, நடுவில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பு கிடையாது. கீழே மெல்லிய பட்டை மட்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என் வீட்டுக்கு வந்திருந்த அம்மா திரையைப் பார்த்ததும், “என்னப்பா, கெட்டுப்போச்சா?” என்றார்.

சிக்கிக்கொண்டது ஒரே இடத்தில்தான். தமிழ்த் தட்டச்சு காணாமல் போனது! தமிழில் தட்டச்சிட உதவும் ஐபஸ் என்ற நிரலைக் கினோம் தானே கிளப்பிவிடும், ஐ3 செய்யாது. இரண்டு இரவு விசைப்பலகையைத் திட்டித் தீர்த்தபின், ஐ3-இன் அமைப்புக் கோப்பில், உள்நுழைந்ததும் ஐபஸைக் கிளப்பச் சொல்லி ‘எக்ஸெக் ஐபஸ்-டீமன்’ (exec ibus-daemon) என்று ஒரு வரி சேர்த்தேன், சரியானது. (இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!)

இப்போது தமிழ் வகுப்பு வினாத்தாள் முதல் பணியிடத்தில் (விசையை அழுத்தி மாறிக்கொள்ளும் தனித்தனித் திரைகளில் ஒன்று), அகராதி இரண்டாவதில். மவுஸைத் தொடுவதே அபூர்வம். மகள் மட்டும் உள்நுழையும்போது கினோமைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். அதனால் அதை அழிக்கவில்லை.