கொள்ளிடத்து மடுவில் கெளுத்திக்கு இரை தரையிலா, ஒரு சாண் மேலா?

கொள்ளிடக்கரை:
நேற்று வேறோர் இழையில் 'தக்கைத்தூண்டில்' என்ற நண்பர், "இளவேனில் தொடங்கும் மார்ச் மாதத்தில் ஆற்றுநீர் 10 பாகை செல்சியஸை எட்டிய பிறகே கெளுத்தி இரை தேடத் தொடங்கும், அப்போதும் இரையைத் தரையில் கிடத்தாமல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்த வேண்டும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கல்லணைக்கும் அணைக்கரைக்கும் இடையில் முப்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறவன் நான். எங்கள் ஆற்றுநீர் மார்கழி விடியலில்கூட 10 பாகைக்கு இறங்கியதில்லை. இறங்குமானால், மீன் கடிக்குமா என்று கேட்க வேண்டியதில்லை, கரையில் ஆடுமாடு பிழைக்குமா என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.

வழக்கப்படி ஜனவரி 28-ஆம் நாள் மேட்டூர் அணையை மூடுகிறார்கள். மழைக்காலத்து வெள்ளமும் அதற்குள் வடிந்துவிடுவதால், மாசி பிறக்கும்போது கொள்ளிடம் ஆறாக இருப்பதில்லை. மணலுக்கு நடுவே அங்கங்கே கிடக்கும் மடுக்களாகச் சுருங்கிவிடுகிறது. கெளுத்தி, ஆரல், உளுவை, வாளை என்று தரையை ஒட்டி வாழும் மீன்களெல்லாம் அந்த மடுக்களில் வந்து அடைகின்றன. மாசியும் பங்குனியும் எங்களுக்குத் தூண்டில் காலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நீர் சூடேறுவது காரணமே அன்று. கெளுத்திக்கு நான்கு இணை மீசைகளைக் கடவுள் கொடுத்தது தரையைத் துழாவுவதற்காக. ஆகவே ஈயக்குண்டும் தரையில் கிடக்க வேண்டும், இரையும் தரையில் கிடக்க வேண்டும். ஒரு சாண் மேலே தொங்கும் புழு நீரைத்தான் அழகுபடுத்தும்.

தக்கைத்தூண்டில்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கிய கொள்ளிடக்கரை ஐயாவுக்கு வணக்கம். 10 பாகை என்பது ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் கெளிறுகளைப் பற்றி அங்குள்ள தூண்டில்காரர்கள் சொல்லும் கணக்கு. நான் அதை ஓர் எடுத்துக்காட்டாகத்தான் சொன்னேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். போகட்டும்.

ஒரு சாண் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓட்டம் நின்ற மடுவில் நாணலும் இலையும் அழுகித் தரையில் கறுப்புச் சேறாகப் படிகின்றன. அந்தச் சேற்றை ஒட்டிய நீரில் உயிர்வளி மிகக் குறைவு. பாசி இரவு முழுவதும் உயிர்வளியை உறிஞ்சுவதால் விடியற்காலையில் அந்தக் குறை உச்சத்தில் இருக்கும். மூச்சு முட்டும் இடத்தில் உட்கார்ந்து எந்த மீனும் உணவு உண்பதில்லை. புழுவைத் தரையில் போட்டால் அது சேற்றில் புதைந்துபோகிறது, ஒரு சாண் மேலே நிறுத்தினால் மீனின் கண்ணுக்கும் மீசைக்கும் எட்டுகிறது. சென்ற பங்குனியில் முக்கொம்புக்குக் கீழே ஒரே காலையில் பதினொரு கெளுத்தி பிடித்தேன். பதினொன்றும் ஒரு சாண் உயரத்தில் கடித்தவை.

கொள்ளிடக்கரை:
சேறாம்! கொள்ளிடம் மணலாறு என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். வயல் வாய்க்காலில் தூண்டில் போட்டுவிட்டு ஆற்றில் போட்டதாக நினைத்துக்கொண்டால் அதற்கு ஆறு பொறுப்பாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மார்ச்சில் இளவேனில் எங்கே தொடங்குகிறது? மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். பருவத்தின் பெயரையே வெள்ளைக்காரன் காணொளியிலிருந்து எடுத்தவர் சாணை மட்டும் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று நான் கேட்கவில்லை, படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மணல் தரையில் புழு புதையாது. ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் தங்கூசு தளரும், பிறகு மெல்ல இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டால் கெளுத்தி முகர்ந்து பார்ப்பதுகூட விரலில் தெரியும். தக்கை கட்டித் தொங்கவிடுகிறவருக்கு அந்தச் செய்தி ஒருநாளும் வந்து சேராது. தக்கை மூழ்கும்வரை அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரை தரையில். மூன்றாம் முறையாகவும் சொல்வேன், தரையில்.

நீரியல்_மாணவி:
இருவரும் ஒரு சொல்லுக்குள் மூன்று மீன்களை வைத்துக்கொண்டு வழக்காடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதுகில் குட்டையான முள்துடுப்பும் அதற்குப் பின்னால் சதைப்பற்றான கொழுப்புத்துடுப்பும் உள்ள நாட்டுக் கெளுத்தி ஒன்று. அது பெரும்பாலும் தரையை ஒட்டி மேய்கிறது. வாளை வேறு; இரவில் வேட்டையாடும் அந்த மீன், பகலில் பள்ளத்தில் பதுங்கியிருந்தாலும் இரையைத் துரத்தி நடுநீருக்கு ஏறி வரும். தேளி இன்னும் வேறு. அது காற்றையும் மூச்சாக எடுப்பதால், உயிர்வளி குறைந்த சேற்றிலும் கவலையின்றிக் கிடந்துவிட்டு அவ்வப்போது மேலே வந்து போகும். ஆகையால் ஒரு சாணா தரையா என்ற கேள்விக்கு, எந்த மீனுக்கு, எந்த மடுவில், எந்த நேரத்தில் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். மேலும் இவ்வகை மீன்களுக்குச் சுவையரும்புகள் மீசையில் மட்டுமல்லாமல் உடல் முழுவதும் பரவியிருக்கின்றன. இரையின் வாடை நீரில் பரவினால் அவை தேடி வரும். உயரம் அவ்வளவு பெரிய செய்தியாக இல்லாமலும் போகலாம்.

கொள்ளிடக்கரை:
தங்கை நன்றாகப் படித்திருக்கிறார், மகிழ்ச்சி. "நாட்டுக் கெளுத்தி தரையை ஒட்டி மேய்கிறது" என்று அவரே எழுதிவிட்டார். மற்றவற்றை அவர் எழுதியிருக்கவே தேவையில்லை.

தக்கைத்தூண்டில்:
"நடுநீருக்கு ஏறி வரும்" என்றும் அவரே எழுதியிருக்கிறார். உங்கள் கண்ணுக்கு அந்த வரி தெரியவில்லை போலும்.

வங்கக்கரை:
இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாகப்பட்டினத்துக்காரன். வாளை என்பது வெள்ளி நாடாவைப் போல நீண்டு பளபளக்கும் கடல்மீன். கருவாடாக விற்கும் அந்த மீனை எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அது மடுவில் பதுங்கும், மீசை வைத்திருக்கும் என்றெல்லாம் எழுதுவதைப் பார்த்து என் தந்தையார் அரை மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கொள்ளிடக்கரை:
உங்கள் தந்தையார் நலமாகச் சிரிக்கட்டும். கடற்கரைக்காரர்கள் நாடாமீனுக்கு எங்கள் மீனின் பெயரைச் சூட்டிக்கொண்டது ஆற்றின் குற்றமன்று. அகன்ற வாயும் நீண்ட மீசையும் உடைய நன்னீர் வாளை, சங்கப் பாட்டிலேயே பழனத்தில் வாழ்கிறது.

ஏட்டுச்சுவடி:
சங்கப் பாட்டை இழுத்ததனால் வருகிறேன். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார், வயலோரத்து மாமரத்திலிருந்து முதிர்ந்து விழும் பழத்தைப் பழனத்து வாளை கவ்வுவதாகப் பாடியிருக்கிறார். மேலிருந்து விழுவதை மீன் கவ்வுகிறதென்றால் அது மேலே வந்துதானே கவ்வியிருக்க வேண்டும்? புலவர் பெருமான் தக்கைத்தூண்டில் கட்சி என்று எனக்குப் படுகிறது.

கொள்ளிடக்கரை:
ஏட்டில் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். வீட்டில் அண்டா நிறைய நீர் பிடித்து, நன்கு முதிர்ந்த மாம்பழம் ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். அது மிதக்காது, மூழ்கும். மூழ்கிய பழம் எங்கே போய்ச் சேரும்? தரைக்கு. வாளை அதை எங்கே கவ்வும்? தரையில். ஆலங்குடி வங்கனார் யார் கட்சி என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஏட்டுச்சுவடி:
பழம் தரையைச் சேரும்வரை வாளை கைகட்டிக் காத்திருந்ததாகப் பாட்டில் சொல் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு அண்டாவில் போட்ட பழமும் மூழ்கத்தான் செய்தது. ஆனால் அது மூழ்குவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தக்கைத்தூண்டில்:
மாம்பழத்தை விட்டுவிட்டு மடுவுக்கு வருவோம். கொள்ளிடம் மணலாறு என்பது ஒரு காலத்து உண்மை. மணல் அள்ளிய இடங்களிலெல்லாம் இன்று குழிகள்தான் இருக்கின்றன. வெள்ளம் வடிந்ததும் அந்தக் குழிகளில் நீர் தேங்கி, மணல் போன இடத்தில் களியும் அழுகலும் படிந்து, கால் வைத்தால் முழங்கால்வரை இறங்குகிறது. நீங்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த தரையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் சென்ற மாதம் மிதித்த தரையைப் பற்றிப் பேசுகிறேன். அந்தத் தரையில் ஈயக்குண்டைப் போட்டால் குண்டும் புழுவும் சேர்ந்து சமாதியாகின்றன.

அனுபவக் கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் கேட்கிறேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதற்குச் சில மாதங்கள் கழித்து, நாலரைக் கிலோ வாளை பிடித்ததாக இதே தளத்தில் ஒருவர் படம் போட்டார். அந்தப் படத்தில் மீனைவிட அதைப் பிடித்திருந்த கை கேமராவுக்கு நெருக்கமாக நீட்டப்பட்டிருந்தது. தராசு மட்டும் படத்தில் இல்லை. ஐயாவுக்கு நினைவிருக்கும்.

கொள்ளிடக்கரை:
நாலே முக்கால் கிலோ. பொறாமைக்கு மருந்து எந்தக் கரையிலும் முளைப்பதில்லை.

நீரியல்_மாணவி:
எடையை விட்டுவிடுங்கள். தக்கைத்தூண்டில் அவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தப் பதினொரு மீன்களின் முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து ஏறத்தாழ வால்வரை நீண்டிருந்ததா? கொழுப்புத்துடுப்பு இல்லாமல் இருந்ததா? அப்படியானால் அவை நாட்டுக் கெளுத்தியாக இருக்க முடியாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளிறு, பண்ணைக் குளங்களிலிருந்து தப்பி ஆறுகளில் பரவியிருக்கிறது. அது தரை, நடுநீர், மேல்நீர் என்று பார்க்காமல் கிடைப்பதையெல்லாம் விழுங்கும். காற்றையும் மூச்சாக எடுப்பதால் உங்கள் உயிர்வளிக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. அந்த மீனை வைத்து ஒரு சாணுக்கும் சான்று காட்ட முடியாது, தரைக்கும் சான்று காட்ட முடியாது.

தக்கைத்தூண்டில்:
என் கெளுத்தியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது அம்மா? பதினொன்றும் நாட்டுக் கெளுத்தி. என் மனைவி குழம்பு வைத்தார். புளியும் மாங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பின் மணத்தைத் தெருவே அறியும். ஆப்பிரிக்கக் கெளிறு அப்படி மணக்காது. ஒன்றின் முள் என் கட்டைவிரலில் ஏறி, பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் கையை வைத்த பிறகே வலி அடங்கியது. அந்தத் தழும்பையும் படமெடுத்துப் போடட்டுமா?

நீரியல்_மாணவி:
துடுப்பைப் பற்றிக் கேட்டேன். குழம்பைப் பற்றிப் பதில் வந்திருக்கிறது.

கொள்ளிடக்கரை:
தங்கை கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு முதல் நாளே அந்த ஐயம் உண்டு. பெருந்தன்மையால் வாய் திறக்கவில்லை. எதை வேண்டுமானாலும் விழுங்கும் மீனைப் பிடித்துவிட்டு அதற்கு ஒரு சாண் என்று இலக்கணம் எழுதியிருக்கிறார்.

மணற்குழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழியில் சேறு இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குழிக்குள் தூண்டில் போடுகிறவன் தூண்டில்காரனே அல்லன். குழியின் விளிம்பில், மணல் சரிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் போட வேண்டும். பகலில் ஆழத்தில் கிடக்கும் கெளுத்தி, அந்தி சாய்ந்ததும் அந்தச் சரிவு வழியாக ஏறித்தான் மேயப் போகும். அந்த விளிம்பில் தரை கெட்டியாக இருக்கும், புழு புதையாது. வெயில் தாழ்ந்ததிலிருந்து முதல் சாமம் வரை உட்கார்ந்தால் போதும். விடியற்காலையில் மூச்சு முட்டும் மீனைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகமொத்தம் இரை எங்கே? தரையில்.

பழைய_முள்:
நான் புதிதாகத் தூண்டில் வாங்கியிருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை அணைக்கரைப் பக்கம் போகலாம் என்று எண்ணம். மண்புழு நல்லதா, கோழிக்குடல் நல்லதா என்று யாராவது சொல்ல முடியுமா? மேலே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தக்கைத்தூண்டில்:
எதை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். கொள்ளிடக்கரை ஐயா சொல்லும் சரிவையும் சற்றுக் கவனியுங்கள். சரிவில் தரையே சாய்ந்திருக்கிறது. ஆழத்திலிருந்து ஏறி வரும் மீனுக்கு, விளிம்பில் கிடக்கும் இரை தலைக்கு மேலேதான் இருக்கிறது. அளந்து பார்த்தால் ஒரு சாண் வரும். அவர் தம்மை அறியாமலே முப்பது ஆண்டுகளாக என் முறையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கொள்ளிடக்கரை:
சாய்ந்தாலும் தரை தரைதான். கூரை சாய்ந்திருக்கிறது என்பதற்காக அதன்மேல் உட்கார்ந்த காகத்தைப் பறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தம்பி, மண்புழுவைப் பற்றித் தனியே எழுதுகிறேன். முதலில் அந்தச் சாண் யாருடைய கைச் சாண் என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் விரல் நீளத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தக்கைத்தூண்டில்:
என் விரலை அளக்க வருகிறவர் வரும்போது ஒரு தராசையும் கொண்டுவரட்டும்.