தாய்-சேய் எச்.ஐ.வி.: இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவங்கள்

பிரசவ வார்டு செவிலி:
ஒரு கர்ப்பிணி வலி முற்றிய நிலையில் வந்தாள். அவளது கர்ப்பகால அட்டையில் எச்.ஐ.வி. சோதனை முடிவு எழுதும் கட்டம் மட்டும் காலி. உடனடியாக முடிவு காட்டும் ரேபிட் சோதனை கிட்டை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்தபடியே, "சிஸ்டர், எனக்குத் தெரியும். மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். எழுத வேணாம்னு நான்தான் கெஞ்சினேன்" என்றாள். பிறந்த குழந்தைக்கு தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப்பை உடனே கொடுத்தோம், சரி. அவள் வாய் திறக்காமல், கிட்டும் கையிருப்பில் இல்லாமல் இருந்திருந்தால்?

லேப்காரன்:
அக்கா, காலிக் கட்டமும் ஒரு குறியீடுதான். எல்லாருக்கும் எழுதிவிட்டு ஒருத்திக்கு மட்டும் விட்டால் புரட்டிப் பார்ப்பவருக்குப் புரியாதா? சேதி அட்டையில் போகாமல் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்திலிருந்து நேராக வார்டுக்கு வரவேண்டும்.

என் கதை வேறு. குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டுகளை அட்டையில் உலர்த்திச் சோதனைக்கு அனுப்பினோம். பாசிட்டிவ் ரிசல்ட் தாமதமாக வந்து சேர்ந்தபோது தாயின் கைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று நின்றேன். மருந்து தொடங்காவிட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் பாதிப் பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை.

மித்ரன் அம்மா:
நான் சிகிச்சையில் இருக்கும் தாய். மையத்தில் தாய்ப்பால் கொடு என்றார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் உடனே நிறுத்து என்றார்கள். அன்றிரவு மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவன் அழ அழ அடுத்த அறையில் நின்றேன். மறுநாள் மையத்தில் போய், "நீங்க எல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன்.

ஓய்வு பெற்ற ஆலோசகர்:
மித்ரன் அம்மா, உங்கள் மையம் சொன்னதுதான் சரி. தாய் மாத்திரையை விடாமல் போட்டு வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அடங்கியிருந்தால், தாய்ப்பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். நடுவில் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தாலும் அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று 2016-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. தடுப்பூசி போடும் இடம் வரைக்கும் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. 18 மாதத்துக்கு முன் ஆன்டிபாடி சோதனையில் பாசிட்டிவ் வந்தால் பதறாதீர்கள். தாயின் எதிர்ப்பொருளே குழந்தையின் ரத்தத்தில் அதுவரை தங்கியிருக்கலாம். வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்திய பிறகும் ஒரு சோதனை உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

லேப்காரன் தம்பி, எண் மாறியதற்குத் தாயைக் குறை சொல்லாதீர்கள். கியூபா 2015-லும் இலங்கை 2019-லும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததாகச் சான்று பெற்றன. புது மருந்து எதையும் கண்டுபிடித்து அல்ல, கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துத்தான்.

லேப்காரன்:
ஐயா, நான் தாயைக் குறை சொல்லவே இல்லை. ரிசல்ட் தாமதமாக வந்ததைத்தான் சொன்னேன். மறுபடி படியுங்கள்.

மித்ரன் அம்மா:
கடைசிச் சோதனை பாலை நிறுத்தி எத்தனை நாள் கழித்து?

ஓய்வு பெற்ற ஆலோசகர்:
3 மாதம் ஆனதும் போங்கள் அம்மா.