குதிக்காலில குத்தின ஊசி

கல்லடிக்காரி:
4.2 கிலோ. வார்ட்டில எல்லாரும் எட்டிப் பார்த்து "பிள்ளை எண்டா இது!" எண்டாங்க, மாமிக்குப் பெருமை தாங்கேல்ல. கொஞ்ச நேரத்தால நேர்ஸ் வந்து அவன்ட குதிக்காலில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா. சீனி இறங்கிட்டாம். சீனி கூட எண்டு 7 மாசத்தில குளுக்கோஸ் குடிக்கத் தந்து பார்த்துச் சொன்னது எனக்கு, பிள்ளைக்கு எப்பிடி இறங்கும்? அவன்ட கை மட்டும் நடுங்குது, சத்தமில்ல. முதல் கிளினிக்கிலயே நான் 84 கிலோ. பிறகும் "ரெண்டு உயிருக்குத் தின்னு" எண்டு மாமி தந்த புட்டை நான் தள்ளேல்ல. இப்ப அவனுக்கு 3 வயசு. நித்திரையில அந்தக் குதிக்காலைப் பிடிச்சுப் பார்ப்பன்.

படுவான்கரை:
எனக்கு மறுபக்கம். உயரத்துக்கு நிறை பார்க்கிற பிஎம்ஐ 17தான், நிறை காணாது. கிளினிக்கில திரிபோஷா சத்துமா தந்தாங்க. மூத்தவளும் மச்சாள்ட பிள்ளைகளும் உருண்டை பிடிச்சுத் திண்டாங்க, எனக்குப் பக்கெட்டை உதறினதுதான். பிள்ளை 2.1. மிட்வைஃப் தராசுத் துணியில போட்டுத் தூக்கினப்போ வெறுந்துணி மாதிரிச் சுழண்டுது.

நிந்தவூர் ராத்தா:
கல்லடித் தங்கச்சி, புட்டிலயும் மாமியிலயும் பழி போடாதீங்க. நான் 90 கிலோ, சீனி வரல்ல, மகன் 3.1. உம்மாட ரத்தச் சீனி நச்சுக்கொடியால பிள்ளைக்குப் போகும், சீனியைக் குறைக்கிற இன்சுலின் போகாது. அதைப் பிள்ளை தானே கூடச் சுரக்கும், அதாலதான் கொழுக்கிறதும். கொடியை வெட்டினா சீனி வாறது நிண்டிடும், இன்சுலின் உடன நிக்காது, அப்பதான் பிள்ளைட சீனி இறங்கும். அதுக்குத்தான் குத்துறது, உடன பால் குடுக்கச் சொல்றதும்.
படுவான்கரைப் புள்ள, 2.1 எண்டு பயந்து மாப்பால் கரைச்சு ஊத்தாதீங்க. 6 மாசம் தாய்ப்பால் மட்டும். சின்னனாப் பிறந்து கெதியாக் கொழுத்தா பிறகு சீனி, பிரஷர் வாறது கூட. 1944–45 பஞ்சத்தில நெதர்லாந்தில வயித்தில இருந்த பிள்ளைகளைப் பெரிசானப்புறம் பார்த்திருக்காங்க, அவங்களுக்கும் சீனிப் பிரச்சினைதான். அடுத்த முறை பிஎம்ஐ 18.5க்குக் கீழ இருந்தா பிள்ளை பிறக்கிறதுக்குள்ள நிறை 12.5 கிலோவில இருந்து 18 வரை ஏறோணும். 30க்கு மேல உள்ளவங்களுக்கு 5 இல் இருந்து 9 போதும். கிளினிக் அட்டையை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்க. கீரை, சின்னமீன், முட்டை...

கல்லடிக்காரி:
ராத்தா, மாமியில பழி போடல்ல. திண்டது நான்தானே.

படுவான்கரை:
மாப்பால் குடுத்தன் எண்டு நான் எங்க எழுதினன்? அடுத்த முறையாம்! பக்கெட்டை ஆர் திண்டது எண்டுதான் எழுதினன். அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல.