சாலை அகலப்படுத்தும் திட்டத்துக்குத் 'தங்கம்' வருகிறது, எனக்கு உறுத்துகிறது. மதிப்பெண் முறைகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒற்றையடிப்பாதை எழுதியது:

வணக்கம். போக்குவரத்துத் திட்ட ஆலோசனை நிறுவனம் ஒன்றில் மூன்றாவது வருடமாக இருக்கிறேன். நான்கு வழிச் சாலை ஒன்றை ஆறு வழியாக்கும் திட்டத்துக்கு நிலைத்தன்மை மதிப்பெண் (சுற்றுச்சூழலுக்கும் வருங்காலத்துக்கும் எவ்வளவு உகந்தது என்ற மதிப்பெண்) போடும் வேலையைப் போன மாதம் என் தலையில் கட்டினார்கள். சாலை, பாலம் போன்ற திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் என்விஷன் என்ற அமெரிக்க முறையைப் பார்த்து எங்கள் அலுவலகமே தயாரித்துக்கொண்ட அட்டவணை. வெளியிலிருந்து யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை, நாமே நிரப்ப வேண்டியதுதான்.

நிரப்பினேன். எல்இடி விளக்குக்கு மதிப்பெண். சுரண்டி எடுத்த பழைய தாரை மறுபடி கலப்பதற்கு மதிப்பெண். மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளம், ஒலித்தடுப்புச் சுவர், ஓரத்தில் மரம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நூற்றுக்கு 43. எங்கள் அட்டவணைப்படி 40-க்கு மேல் போனாலே தங்கம். மேலாளருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம்தான் திட்ட அறிக்கையின் பின்பகுதியைப் படித்தேன். முதலில் அதைப் படித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான். இருபது வருடத்தில் வாகன எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கூடுதல் வாகனங்கள் விடப்போகிற புகைக்காக மதிப்பெண்ணைக் கழிக்க என் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. இருக்கிற சாலையிலேயே பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கும் மாற்று யோசனையை 'சாத்தியமில்லை' என்று இரண்டு வரியில் முடித்திருக்கிறார்கள். அதற்கும் அட்டவணையில் கேள்வி இல்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். எல்லா மதிப்பெண் முறைகளும் இப்படித்தானா, அல்லது 'இந்தச் சாலை வேண்டுமா' என்று கேட்கும் முறை எங்காவது உண்டா? இரண்டாவது, இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

கோட்டுப்படம் எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாகத் திட்டமிடல் பக்கத்தில் இருப்பவள் நான். இந்த அட்டவணைகளை நிரப்பியும் இருக்கிறேன், நிரப்பச் சொல்லி மற்றவர்களைப் படுத்தியும் இருக்கிறேன்.

அமெரிக்காவில் கட்டடங்களுக்கு லீட் என்ற பசுமை மதிப்பெண் முறை 1990களின் கடைசியில் வந்தது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் சாலைக்கும் பாலத்துக்கும் அங்கே ஒவ்வொன்றாக முளைத்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கிரீன்ரோட்ஸ், நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கிரீன்லைட்ஸ், 2012-இல் என்விஷன், அதே வருடம் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் இன்வெஸ்ட். பிரிட்டனில் சீக்வல் இவற்றுக்கெல்லாம் முன்பே, 2003-இலேயே வந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், கட்டடம் கட்டிய இடத்தில் நிற்கும். சாலை தன் மேல் ஓடுவதைக் கூட்டிக்கொண்டே போகும். நெரிசலான சாலை ஒன்றின் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டால், போட்ட தாரும் சிமென்டும் சின்னப் பங்குதான், மேலே ஓடும் வண்டிகளின் புகைதான் பெரும் பங்கு. அட்டவணைகளின் கண் பெரும்பாலும் அந்தச் சின்னப் பங்கின் மேல்தான் இருக்கிறது.

எல்லா முறையையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. கிரீன்ரோட்ஸ் முக்கியமாக வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் பார்ப்பது. சாலை வேண்டுமா என்ற கேள்வி அதன் வாசலுக்கு வரும்போது முடிவு எடுத்து முடிந்திருக்கும். இன்வெஸ்டில் திட்டமிடலுக்குத் தனிப் பகுதி, திட்ட உருவாக்கத்துக்குத் தனி, இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் தனி. ஒரு வட்டாரத்தின் மொத்தப் போக்குவரத்துத் திட்டத்தையே அதில் மதிப்பிடலாம். உங்கள் கேள்விக்கு நெருக்கமான கருவி அதுதான். என்விஷனும் 'சரியான திட்டமா', 'திட்டத்தைச் சரியாகச் செய்கிறோமா' என்று இரண்டையும் கேட்கச் சொல்கிறது. ஆனால் அதில் கட்டாய நிபந்தனை என்று ஒன்றும் கிடையாது. முதல் கேள்வியில் கோட்டை விட்டதை விளக்கிலும் மரத்திலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். உங்கள் அலுவலகம் பார்த்து எழுதியபோது அந்த முதல் கேள்வியையே எடுத்துவிட்டது போலிருக்கிறது.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு நேராகக் கேட்ட இடமும் உண்டு. வேல்ஸ் அரசு 2021-இல் புதிய சாலைத் திட்டங்களை நிறுத்திவைத்து ஒரு குழுவைப் போட்டது. 2023 பிப்ரவரியில் முடிவு வந்தபோது பெரும்பாலானவை கைவிடப்பட்டன, அல்லது மாற்றி யோசிக்கத் திருப்பி அனுப்பப்பட்டன. கலிபோர்னியாவில் வேறு வழி. சுற்றுச்சூழல் ஆய்வில் 'வண்டி எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது' என்ற அளவுகோலுக்குப் பதிலாக 'மொத்தம் எவ்வளவு தூரம் வண்டி ஓடும்' என்று மாற்றினார்கள். 2013-இல் சட்டம், 2020 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்க நடைமுறை. பழைய அளவுகோலில் தாமதத்தைக் குறைத்ததற்காக ஒரு சாலை நல்ல பெயர் வாங்கும். புதியதில் ஓட்டத்தைக் கூட்டியதற்காக அதே சாலை பதில் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அறிக்கையில் 'அகலப்படுத்தினால்', 'அகலப்படுத்தாவிட்டால்' என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டிலும் வாகன எண்ணிக்கை ஒன்றா வேறா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ரோலர் எழுதியது:

மேடம் சொன்னது சரி, ஆனால் அட்டவணையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் தம்பி. நான் தளத்தில் நிற்கிறவன். சாலை வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. எனக்கு அந்தத் தாள் பலமுறை கை கொடுத்திருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டி மறுபடி கலக்கலாம் என்று வருடக்கணக்கில் கத்தினேன், ஒருவரும் கேட்கவில்லை. மதிப்பெண் உண்டு என்றதும் ஒரே வாரத்தில் ஒப்புதல். வழக்கமான சூட்டுக் கலவையை 150 டிகிரிக்கும் மேல் காய்ச்ச வேண்டும். வார்ம் மிக்ஸ் என்கிற மிதசூட்டுக் கலவை என்றால் இருபது, நாற்பது டிகிரி குறைவாகவே போதும். எரிபொருளும் மிச்சம், பின்னால் நிற்கிற ஆட்களின் மூச்சில் போகிற ஆவியும் குறைவு. இதுவும் அந்தத் தாளால்தான் உள்ளே வந்தது. லாரி எத்தனை நடை அடிக்கிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று எழுதிவைக்கும் பழக்கமும் அப்படி வந்ததுதான்.

எனக்கு இருக்கிற குறை வேறு. சைக்கிள் நிறுத்த நாலு கம்பி நட்டாலும் ஒரு மதிப்பெண், அடித்தளத்தைக் கெட்டியாகப் போட்டு ஆயுளைக் கூட்டினாலும் ஒரு மதிப்பெண் என்று ஒரு தாளில் பார்த்தேன். ஏழு வருடத்தில் பெயர்ந்துவிடும் சாலையில் எத்தனை மரம் நட்டு என்ன? அதைத் தோண்டி மறுபடி போடும்போது முதல் செலவு முழுக்கத் திரும்ப வரும். மேடுபள்ளமான தளத்தில் வண்டி கூடுதலாக எண்ணெய் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி நடுவது சுலபம், எல்லாரும் முதலில் அதைத்தான் நடுவார்கள்.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

பார்த்தேன் மேடம். இரண்டு பத்தியிலும் ஒரே எண்! அகலப்படுத்தாவிட்டால் அத்தனை வாகனமும் நெரிசலில் ஊர்ந்து புகை விடும், அகலப்படுத்தினால் சீராகப் போய்க் குறைவாக விடும் என்று கணக்குக் காட்டி, கார்பன் மிச்சம் என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கு நானும் மூன்று மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ரோலர் அண்ணா, எங்கள் தாளிலும் அடித்தளத்துக்கு ஒன்றுதான்.

கோட்டுப்படம் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை, ரொம்பப் பழைய ஓட்டை இது. இடம் கூடினால் புதுப் பயணங்களும் கூடும் என்பதை பிரிட்டனில் அரசு அமைத்த ஆலோசனைக் குழுவே 1994-இல் ஒப்புக்கொண்டு அறிக்கை கொடுத்தது. அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை வைத்து டுரான்டன், டர்னர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தடங்களின் மொத்த நீளம் 10 சதவீதம் கூடினால் வண்டிகள் ஓடும் தூரமும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. நெரிசல் கொஞ்ச காலம் விலகியிருக்கும், பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சாலை அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பத்தியிலும் ஒரே எண் போடுவதை மட்டும் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

மேலாளரிடம் கொள்கை பேசாதீர்கள், எடுபடாது. 'அகலப்படுத்தாவிட்டால்' பத்தியில் வாகன எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அந்த மிச்சம் மறைந்து கடனாகிறது என்று ஒரு பக்க வரைபடமாகக் கொடுங்கள். முன்கணிப்பு தப்பும் என்றாலே கோபம் வருகிறவரா? அப்படியானால் பெரிய திட்டங்களின் முன்கணிப்புகளை ஆராயும் ஃப்ளூபியர்க் என்பவரின் குழு 2005-இல் 14 நாடுகளின் 210 திட்டங்களை எடுத்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். சாலைத் திட்டங்களில் பாதியில், கணித்ததற்கும் நடந்ததற்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ரயிலில் இன்னும் மோசம், எதிர்பார்த்த பயணிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் ஏறினார்கள். பேருந்துத் தடத்துக்கு ஆதரவாகப் பேசும்போது அந்த ரயில் கணக்கை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்து எண்ணும் தப்பலாம்.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாகன எண்ணிக்கையை 5, 10, 15 சதவீதம் குறைத்துக் கணக்குப் போட்டேன். 5-இல் மிச்சம் பாதியாகிவிட்டது, 10-இல் காணவே காணோம். வரைபடத்தை மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். 'இதை யார் கேட்டார்கள்?' என்றார் முதலில். பிறகு, பின்னிணைப்பில் போடு, அந்த மூன்று மதிப்பெண்ணை எடுத்துவிடு என்றார். எடுத்தேன். 40 ஆகிறது. 'தங்கத்துக்கு 40-க்கு மேல் வேண்டும், சரியாக 40 வந்தால் என்ன செய்வது' என்று இப்போது ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள்.

ரோலர் எழுதியது:

அந்தக் கூட்டத்துக்குள் நாலு கம்பி நட்டுவிடுவார்கள், பாருங்கள். அதற்கு முன்னால் அடித்தளத்துக்கு ஒன்றை மூன்றாக்க முடியுமா என்று கேட்டுவையுங்கள் தம்பி.