உதவி: டோபோ ஷீட்டில் அளந்தால் தூரம் குறைகிறது

கேள்வி (புவியியல் ஆசிரியை, பெரம்பூர்)
ஒன்பதாம் வகுப்புக்கு அளவைப் பாடம் நடத்த இந்திய நில அளவைத் துறையின் டோபோ ஷீட்டை (மேடு பள்ளம், சாலை, ஊர் எல்லாம் காட்டும் வரைபடத் தாளை) இறக்கி, கடையில் ஏ2 தாளில் பிரின்ட் எடுத்தேன். 1:50,000 என்று போட்டிருக்கிறது, அதாவது 2 செ.மீ.க்கு 1 கி.மீ. சென்ட்ரலிலிருந்து மெரினா கலங்கரை விளக்கம் வரை ஸ்கேல் வைத்தால் 6.8 செ.மீ., கணக்குப்படி 3.4 கி.மீ.தான். போனில் நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 4.8 கி.மீ.! எதை நம்புவது? அப்புறம், பரங்கிமலையை வைத்து சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) சொல்லித்தர நினைத்தேன். மலையையே காணவில்லை.

பதில் (ஓய்வு பெற்ற சர்வேயர்)
போன் சொல்வதுதான் சரி, மேடம். கடையில் தாளுக்கு அடங்கும்படி படத்தைச் சுருக்கியிருப்பார்கள். படம் சுருங்கினாலும் 1:50,000 என்ற எழுத்து அப்படியேதான் நிற்கும். கீழே உள்ள கோட்டளவை (கி.மீ. குறித்த கோடு) படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதனால் அது பொய் சொல்லாது. அதில் 1 கி.மீ. எத்தனை செ.மீ. என்று பாருங்கள்.

பரங்கிமலை அடுத்த தாளில் இருக்கிறது. ஒரு தாள் 15 கலை (மினிட், அதாவது கால் பாகை) அகலம்தான்; உங்களுடையது கிழக்குத் தீர்க்கம் 80° 15′-இல் தொடங்குகிறது. மயிலாப்பூர் உள்ளே, தி.நகரும் கிண்டியும் வெளியே. மேற்கே உள்ள தாளை அவசியம் எடுங்கள். 1802-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் முக்கோண அளவைக்கு (முக்கோணங்களாகப் பிரித்து நிலத்தை அளக்கும் முறைக்கு) அடிப்படைக் கோட்டை அளந்தது பரங்கிமலைப் பக்கம்தான். அந்தத் தாளில் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய சரிவு. மாணவர்கள் மலையேறிப் பார்த்தே ஒப்பிடலாம்.

கேள்வி கேட்டவர்
அளந்தேன், 1.4 செ.மீ. இருக்கிறது! 6.8-ஐ 1.4-ஆல் வகுத்தால் 4.86. சரியாக வந்துவிட்டது, மிக்க நன்றி சார். இதே தாளில் பட்டா நிலத்தின் எல்லையும் தெரியுமா?

பதில் (வேறொருவர், தாம்பரம்)
தெரியாது. அதற்குப் புலப்படம் (நில எல்லைகளை அளந்து வரைந்த படம்) வேண்டும், அது வருவாய்த் துறை சம்பந்தப்பட்டது. சர்வே எண், உட்பிரிவு, ஒவ்வொரு பக்கத்தின் நீளம் எல்லாம் அதில் எண்ணாகவே இருக்கும். மேடு பள்ளம் இருக்காது.

பதில் (சர்வேயர்)
ஒன்று விட்டுப்போயிற்று. 1.4 செ.மீ.க்கு 1 கி.மீ. என்பதால், உங்கள் பிரின்டின் உண்மையான அளவை ஏறத்தாழ 1:71,000. வகுப்பில் மாட்டும் முன் 1:50,000-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் இதை எழுதுங்கள்.