உலகம் சுத்துற டிக்கெட்டுக்கு எந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட் நல்லது?

மக்களே ஒரு ஹெல்ப். நானும் வீட்டுக்காரரும் ஒன்வேர்ல்ட் (பல ஏர்லைன்ஸ் சேந்த ஒரு அலையன்ஸ், அதாவது கூட்டணி) குடுக்குற எக்ஸ்ப்ளோரர் டிக்கெட்ல உலகத்த ஒரு சுத்து சுத்திடலாம்னு பிளான், 16 ஃபிளைட் வரைக்கும் போலாம், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும். அவரு ஆறடி ரெண்டு அங்குலம், முதுகுவலி வேற, போன தடவ ஒரு ஏர்லைன்ஸ்ல (பேரு வேணாம்) பிசினஸ் கிளாஸ்ல கால் நீட்டுற பொந்துல பாதம் மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா ஒரே புலம்பல்.

அதான் இந்த தடவ ஃபர்ஸ்ட். ஜப்பான் ஏர்லைன்ஸோட ஏ350-1000 விமானத்துல ஆறே சீட்டு, டபுள் பெட்டாவே போட்டுக்கலாமாம், கேத்தே பசிபிக் ஏர்லைன்ஸோட 777லயும் ஆறுதான், குவாண்டாஸ் ஏ380ல 14. படுத்துப் பாத்தவங்க சொல்லுங்க, மெத்தை எதுல நல்லாருக்கு, தோள்பட்டைக்கு இடம் இருக்கா? எமிரேட்ஸ் ஏ380ல குளிக்கிற ஆசையும் இருக்கு, ஆனா அவங்க எந்த அலையன்ஸ்லயும் இல்லயே, தனியா எடுத்தா கட்டுப்படியாகுமா?