மினியேச்சர்களுக்கு எந்தப் பசை? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புதிதாக மினியேச்சர் (விளையாட்டுக்கான சிறு உருவங்கள்) ஒட்டத் தொடங்குபவர்கள் எல்லாரும் "எந்தப் பசை நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பது. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு போர்டு கேம் பெட்டி. அதில் வந்த அரக்கனின் வாள் பிடித்த கை கழன்றிருந்தது. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டி ஒட்டிய வீரர்கள் அத்தனை பேரையும் இறுக்கமாகப் பிடித்திருக்கும் அதே பிளாஸ்டிக் சிமெண்டைத் தடவி வைத்தேன். மறுநாள் தொட்டதுமே கை தனியாக வந்துவிட்டது.

சிமெண்டில் ஒரு குறையும் இல்லை. அது மற்றப் பசைகளைப் போல இடையில் நின்று பிடிப்பதில்லை. அந்த வீரர்களைச் செய்த பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைக்கிறது, கரைந்த இரண்டு பரப்புகளும் கலக்கின்றன, கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. போர்டு கேம்களில் ஒட்டி முடித்தே வரும் உருவங்களோ பெரும்பாலும் பிவிசி. பாலிஸ்டைரீனுக்கென்று செய்த சிமெண்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அரக்கனுக்கு ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்தேன், கை இன்றும் வாளோடு நிற்கிறது.

அன்றிலிருந்து சந்தேகமான பிளாஸ்டிக் வந்தால், கண்ணில் படாத அடிப்பாகத்தில் துளி சிமெண்ட் வைத்துக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். இளகிப் பிசுபிசுத்தால் சிமெண்ட், அசையாமல் இருந்தால் சூப்பர் குளூ. உங்களுக்கு எப்படி?

* * *

இந்தச் சோதனையோடு தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரூவில் ஒரு சிறு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். பழைய 1/72 அளவு மென்பிளாஸ்டிக் சிப்பாய்கள் பல இந்த வகைதான். சிமெண்டும் பிடிக்காது, வெறும் சூப்பர் குளூவும் நிற்காது, அதற்கென்று உள்ள பிரைமரைத் தடவிய பிறகுதான் சூப்பர் குளூ வேலை செய்யும். மூழ்கினால், உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் போடுங்கள். பாலிஸ்டைரீன் அதில் மேலே வரும், பிவிசி அடியிலேயே கிடக்கும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் மேலே வரும் என்பதால் முழுத் தீர்ப்பு கிடைக்காது, ஆனாலும் குழப்பம் பாதியாகக் குறையும். ஜப்பானிய மாடல் கிட்கள் பலவற்றில் ஸ்ப்ரூ சட்டத்திலேயே பிஎஸ் (பாலிஸ்டைரீன்), ஏபிஎஸ், பிஇ (பாலிஎத்திலீன்) என்று அச்சிட்டிருக்கும். முதலில் அதைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

* * *

நான் முழுக்க முழுக்க சிமெண்ட் கட்சி. எங்கள் விளையாட்டு மேசையிலிருந்து ஒரு தடவை இரண்டு வீரர்கள் ஒன்றாகத் தரையில் விழுந்தார்கள். சூப்பர் குளூ போட்டவனுக்குத் தோள் மூட்டிலேயே கை விட்டுப்போனது. சிமெண்ட் போட்டவனுக்கு மூட்டு அப்படியே இருந்தது, ஈட்டிதான் நடுவில் ஒடிந்தது. சூப்பர் குளூ நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஆனால் இறுகியதும் விறைப்பாகிவிடுவதால், பக்கவாட்டில் அடி விழுந்தால் சட்டென்று விட்டுவிடும்.

சிமெண்டிலும் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெவெல் கான்டாக்டா போன்ற ஊசிமுனைக் குப்பியில் வருவது கெட்டி. அதை ஒரு பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும், நகர்த்திச் சரிசெய்யக் கொஞ்ச நேரமும் கிடைக்கும். மூடியிலேயே தூரிகை இருக்கும் டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது தண்ணீர் மாதிரி ஓடும். அதை முதலில் தடவக் கூடாது. இரண்டு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியை இணைப்புக் கோட்டில் தொட்டாலே போதும். நுண்புழை விசையால் கோடு முழுக்கத் தானே பரவிவிடும். அப்போது விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. விரலுக்கு அடியிலும் ஓடி, கைரேகையைக் கவசத்தில் அப்படியே பதித்துவிடும். பிறகு மெல்ல அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் நூல் போலப் பிதுங்கும். ஒரு நாள் காயவிட்டுக் கத்தியால் வழித்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. இந்த நேர்த்தி வேறு எந்தப் பசையிலும் வராது என்பது என் உறுதியான கருத்து.

* * *

பிரிக்க முடியாததுதான் சிமெண்டின் பலம், சில சமயம் அதுவே தொந்தரவு. ஒருவர் விளையாடி முடித்த பழைய படை ஒன்றை வாங்கினேன். ஆயுதங்களை மாற்ற வேண்டும். சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்ததும், சூப்பர் குளூ போட்டவை மெல்லத் திருகினாலே சுத்தமாகக் கழன்றன. சிமெண்ட் போட்டவற்றை ரம்பத்தால்தான் அறுக்க வேண்டியிருந்தது. வண்ணம் தீட்டுவதற்காகக் கேடயத்தையோ தலையையோ தற்காலிகமாக நிறுத்தவும் துளி சூப்பர் குளூவே சரி.

* * *

ஒளி ஊடுருவும் பாகங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஒரு நண்பர் வாகனம் ஒன்றை அருமையாகத் தீட்டி, முன்கண்ணாடியை மட்டும் சூப்பர் குளூவால் ஒட்டினார். காலையில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். சூப்பர் குளூவின் மூலப்பொருளான சயனோஅக்ரிலேட்டின் ஆவி பக்கத்திலேயே படிந்து இறுகுவதால் வருவது அது. சிமெண்ட் பட்டாலும் கண்ணாடி மங்கிவிடும். இத்தனைக்கும் சயனோஅக்ரிலேட்டைக் கண்டுபிடித்த ஹாரி கூவரின் குழு 1942இல் தேடிக்கொண்டிருந்தது துப்பாக்கிக் குறிநோக்கிக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத்தான். கண்ணாடிக்கு வெள்ளை பிவிஏ பசைதான் ஏற்றது. காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரத்தூரிகையால் துடைக்கலாம். கண்ணாடி பாரம் சுமப்பதில்லை, ஆகவே அந்தப் பிடிப்பே போதும்.

* * *

ரெசினுக்கும் (அச்சில் ஊற்றி வார்த்த பிசின்) உலோகத்துக்கும் சிமெண்ட் பக்கமே போக வேண்டாம், அங்கே அது கரைக்க எதுவும் இல்லை. ரெசின் என்றால் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை போக சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு சூப்பர் குளூ. கனமான உலோக டிராகனின் இறக்கைக்கு அதுவும் போதாது. இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி, இரண்டு பாகமாக வரும் எபாக்ஸியால் ஒட்டினேன். தூக்கிக்கொண்டு பல வீடுகளுக்கு அலைந்தும் அசையவில்லை.

* * *

பருத்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சூப்பர் குளூ கணிசமாகக் கொட்டினால் வேகமாக இறுகிச் சூடாகும், தோல் வெந்துபோகும் அளவுக்கு. பருத்திக் கையுறையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள். விரலில் ஒட்டியதை எடுக்க அசிட்டோன் உதவும், ஆனால் அது பாலிஸ்டைரீனையும் கரைக்கும், உருவத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் துடையுங்கள். சிமெண்டின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி கூட வேண்டாம்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம். முதலிலேயே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட்ட பாகங்களில் சிமெண்ட் பிடிக்குமா? இடையில் சிறு சந்தும் இருக்கிறது.

* * *

பெயிண்ட் குறுக்கே இருந்தால் சிமெண்ட் பிளாஸ்டிக்கைச் சரியாகத் தொடாது. ஒட்டும் இடத்தில் மட்டும் பிரைமரைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். சந்துக்கு, அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, கொஞ்சமே மீதமிருக்கும் சிமெண்ட் குப்பியில் போட்டு ஒரு இரவு விடுங்கள், கூழாகிவிடும். அதைப் பூசி நன்றாகக் காயவிட்டு அரம் போட்டால் சரியாகிவிடும். சந்து பெரிதாக இருந்தால் ஒரே தடவையில் அடைக்காமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். காயும்போது அது சுருங்கும்.